முதுகுகளை வரைந்தவள்

எலிஷா ஆறரைக்கு எழுந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தான், ஒன்றைத் திரும்ப வைத்தான். காப்பித்தூளைக் கோப்பையிலேயே போட்டு வெந்நீர் ஊற்றினான். மண்டி அடியில் இறங்கும்வரை சன்னலருகில் நின்றான். கீழே யாஃபோ நகரின் முதல் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. காப்பியில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினான்.

முகம் கழுவினான். குளியலறைக் கண்ணாடியின்மேல் தலையணை உறை தொங்கியது. தலையைக் கைவிரலால் கோதிக்கொண்டான். தாடியைத் தடவிப் பார்த்தான். முப்பது நாள் துக்கம் நேற்றோடு முடிந்துவிட்டது, இனி மழிக்கலாம். அவன் மழிக்கவில்லை.

சாவு விழுந்த யூத வீட்டில் கண்ணாடிகளை மூடுவார்கள். ஏழாம் நாள் முடிந்ததும் துணியை எடுத்துவிடுவார்கள். அவன் எடுக்கவில்லை. குளியலறையில் தலையணை உறை, படுக்கையறையில் மேசை விரிப்பு, வாசல் நடையில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைப் போர்வை. கல்லறையிலிருந்து அவன் வீடு திரும்பியபோதே எல்லாம் கட்டியாகியிருந்தன. அப்படியே இருந்தன.

அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு மாதில்டா அத்தை பூரேக்காஸ் தட்டோடு நின்றாள். மேலே ஈரத்துணி மூடியிருந்தது, உள்ளே பாலாடைக்கட்டி வாசம்.

"சாப்டியா ராசா?"

"இனிமேதான் அத்தை."

"போன வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொன்னே. தட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. என் கையில செஞ்சதை எங்க ஊரு பூனைகூட மிச்சம் வைக்காது."

"இன்னைக்குச் சாப்பிடறேன்."

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. இந்த ஒரு மாதமாகவே தாண்டுவதில்லை. அவளுடைய பார்வை அவன் தோளைத் தாண்டி நடையில் தொங்கிய போர்வையைத் தொட்டுவிட்டு அவசரமாகத் திரும்பியது.

"அந்தப் போர்வையை எடுத்துடாதே."

"ஏழு நாளுதானே அத்தை வழக்கம்?"

"எங்க ஊர்ல ஒரு வருஷம்."

சரியென்று தலையாட்டினான். துக்கக்காரனிடம் ஆளாளுக்கு ஒரு விதி சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டுக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. அத்தையின் ஊர் பல்கேரியாவில் இருந்தது. அவள் அதைவிட்டு வந்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

தெருவில் கார் ஒலியெழுப்பியது. மூன்று குட்டி ஒலி, ஒரு நீள ஒலி. கடூரி வந்துவிட்டார்.

*

கடூரி முன்னாள் டாக்சி ஓட்டுநர். பாக்தாதில் பிறந்தவர். எலிஷாவைவிட இருபது வயது மூத்தவர். எலிஷாவின் துப்பறியும் நிறுவனத்தில் அவனையும் அவரையும் தவிர வேறு ஆளில்லை. ஆனாலும் அவனை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏறுங்க முதலாளி. தாடி நல்லா வந்திருக்கு. இன்னும் ரெண்டு விரக்கடை வளந்தா உங்க மாமனார் உங்களைக் கோவில் வேலைக்கு எடுத்துக்குவாரு."

எலிஷா ஏறினான்.

"இன்னைக்கு மதியத்துக்குள்ள உங்க வீட்டம்மா பட்டறைச் சுவருக்கு வெள்ளையடிச்சுடுவாங்க. இடத்துக்காரர் புதுசா யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டாராம். செருப்புக் கடைக்குக் கிடங்கு. நேத்துதான் சொன்னாரு."

"கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்."

"போன வாரமும் கடைசியாத்தான் பாத்தோம்."

மனைவி நெகாமா இறந்த அன்று எலிஷா தெற்கே எய்லாத்தில் இருந்தான். யாரோ ஒருத்தியின் கணவன் கடற்கரை விடுதியில் யாரோடு சாப்பிடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தான். தகவல் வந்தது. கடூரி ஐந்து மணி நேரம் காரோட்டினார், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்நாளில் அது முதல் தடவை. நேராகக் கல்லறைக்குப் போனார்கள். அவளை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் பார்த்தான்.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். பக்கத்தில் இருந்தவள் மாதில்டா அத்தை. நெகாமா கடைசியாக அவன் பெயரைச் சொன்னாள் என்று அத்தை சொன்னாள். அவன் எத்தனையோ சாட்சிகளைக் குடைந்து கேட்டிருக்கிறான். இந்த ஒரு சாட்சியை மட்டும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நெகாமா ஓவியர். மனிதர்களை வரைந்தாள், முகத்தை மட்டும் வரையமாட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள், காய்கறிக் கடை வரிசை, ஜன்னலில் சாய்ந்து தூங்கும் சிப்பாய், எல்லோரும் பின்பக்கமாகத்தான் இருப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் அவளை முதுகுகளின் ஓவியர் என்று எழுதினார்கள். ஒருவர் அதற்கு நாடோடி வாழ்வு என்று பொருள் சொன்னார், இன்னொருவர் மறுப்பு என்றார். அவளைக் கேட்டால், "முதுகு பொய் சொல்லாது, அழகா வரையலைன்னு சண்டைக்கும் வராது" என்பாள்.

எலிஷாவும் பிழைப்புக்கு முதுகுகளைத்தான் பார்த்தான். அலென்பி வீதியில் ஒரு பழுப்புக் கோட்டுக்காரனின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, அதே முதுகைப் பார்த்து ஒருத்தி வேகமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவன் குறுக்கே நின்றதும், "ஒதுங்கு, நான்தான் அந்தாளை முதல்ல பாத்தேன்" என்றாள். அன்று பழுப்புக் கோட்டுக்காரன் தப்பித்துக்கொண்டான்.

கடைசி இரண்டு மாதம் அவள் ஒரே படத்தை வரைந்தாள். அவனைப் பட்டறைக்குள் விடவில்லை. "முடிஞ்சதும் நீயே பாப்பே" என்றாள். துக்கம் கேட்ட ஏழு நாளும் முடிந்து அவன் பட்டறையைத் திறந்தபோது படம் அங்கே இல்லை. அதன் விலை அவனுக்கு வேண்டாம். இரண்டு மாதம் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவேண்டும். அது ஒன்றுதான் அவனிடம் மிச்சமிருந்த வழக்கு.

*

ஃப்ளோரென்டின் பகுதியில் அந்தப் பட்டறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஓர் ஆள் ஏணிமேல் நின்று எதிர்ச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓவிய வியாபாரி டோல்மாக் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பட்டறைக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்தது.

எலிஷா கேட்டான். "எங்க அது?"

"இதை இதோட எத்தனை தடவை கேட்டுட்டீங்க."

"நீங்க ஒரு தடவையும் சரியாப் பதில் சொல்லல."

"நான் எடுக்கல. எடுத்திருந்தா ஒளிச்சா வைப்பேன்? இந்நேரம் சுவர்ல மாட்டி விளக்குப் போட்டு ஊரையே கூப்பிட்டிருப்பேன். ஒளிச்சு வச்ச படத்தை யாரு வாங்குவா?"

கடூரி தலையைச் சொறிந்தார். "முதலாளி, இந்தாளு சொல்றது நியாயமாப் படுது. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

டோல்மாக் குரலை இறக்கினார். "பத்து வருஷமா அவகிட்ட ஒரே ஒரு முகம் கேட்டேன். ஒண்ணு. சிரிச்சா. 'எங்கப்பா வீட்டுல சுவர்ல ஒரு முகம் கிடையாது, உருவம் செய்யாதேன்னு கட்டளை. அவர் தினம் சுவரைப் பாத்து நின்னு ஜெபம் பண்ணுவாரு, நான் பின்னாடி உக்காந்து அவர் முதுகைப் பாப்பேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்'னா. அதுக்கப்புறம் நான் கேக்கலை."

அந்த அப்பா பெனே பெராக் ஊரில் ஒரு சிறிய யூதக் கோவிலின் ஊழியர். மகள் வரைந்த எந்தப் படத்தையும் அவர் பார்த்ததில்லை. ஏழு நாளும் யாஃபோவுக்கு வந்து தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஏணிக்காரர் கேட்டார். "இந்தப் பக்கம் ஆரம்பிக்கலாமா? சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்குதுல்ல."

"ஒரு நிமிஷம்" என்றான் எலிஷா.

நெகாமா வேலை செய்த சுவர் அது. பலகையைச் சுவரிலேயே ஆணியடித்து நிறுத்திவிட்டு வரைவாள். தூரிகை வேகத்தில் ஓரத்தைத் தாண்டிச் சுவர்மேல் ஓடும். பல வருடத்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே ஏறியிருந்தன. எலிஷா இந்தச் சுவரைப் பலமுறை பார்த்துவிட்டான். எப்போதும் வண்ணத்தைத்தான் பார்த்தான். இப்போது பக்கத்துச் சுவர் வெள்ளையானதும் இதில் வண்ணம் இல்லாத இடம் கண்ணில் பட்டது. பலகை நின்ற இடம். அதைச் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலாகப் புதிதாகப் படிந்திருந்தது ஒரு மங்கின பச்சை. எங்கேயோ தினமும் பார்த்த பச்சை. எங்கே என்று வரவில்லை.

கடூரி அந்த வெற்றிடத்தின் எதிரில் போய் நின்றார். அவர் தலைக்கு மேலே ஒரு சாண் போயிற்று.

"ஆளுயரம். மேல்பக்கம் பாத்தீங்களா? வளைஞ்சிருக்கு. பத்துக் கட்டளைப் பலகை மாதிரி. இதுல அஞ்சு இருக்கும், மிச்ச அஞ்சை எவன் தூக்கிட்டுப் போனான்?"

"வளைஞ்சிருக்கு" என்றான் எலிஷா.

டோல்மாக் நெற்றியைச் சுருக்கினார். "அவ வளைஞ்ச பலகையில வரைஞ்சதே இல்லையே. அதுக்குச் சட்டம் போட எந்தக் கடையிலயும் முடியாது."

எலிஷா குனிந்தான். தரையில் வெற்றிடத்துக்கு நேர்கீழே பொன்னிறத் துகள்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றை விரலில் ஒற்றியெடுத்தான். சுண்ணக்கட்டியின்மேல் பூசிய பழைய பொன்பூச்சு.

"சட்டம் இங்க வந்திருக்கு. அவ முதல்ல சட்டத்தைப் பாத்திருக்கா. அதுக்கு ஏத்த மாதிரி பலகையை அறுக்கச் சொல்லியிருக்கா."

"பொன்பூச்சு, ஆளுயரம், மேல வளைவு" என்றார் கடூரி. "என் மாமியார் கல்யாணத்துக்கு வாங்கின அலங்காரக் கண்ணாடி இப்படித்தான் இருக்கும். அதுல பாத்தா அவங்களே அழகா இருப்பாங்க. அந்தச் சாமான் இப்போ ஒரே இடத்துலதான் கிடைக்கும்."

"சந்தை."

"உங்க வீட்டுக்குப் பின்பக்கம். ஊரெல்லாம் சுத்திட்டு."

எலிஷா ஏணிக்காரரைப் பார்த்துத் தலையாட்டினான். அவர் தூரிகையை வாளியில் தோய்த்தார். முதல் இழுப்பிலேயே பச்சை மறைந்தது. எலிஷா கதவைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

*

யாஃபோவின் பழைய சாமான் சந்தை மதியத்துக்குள் மூடிவிடும். பாதிக் கடைக்காரர்கள் கம்பளங்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். கடூரி ஒவ்வொரு கடையாக நின்று இரண்டு கையையும் வளைத்துக் காட்டிக் கேட்டார். ஒருவன் அவருக்குச் சமாதிக்கல் விற்கப் பார்த்தான்.

"நான் இன்னும் சாகலைப்பா."

"இப்போ வாங்கினா விலை குறைவு" என்றான் அவன்.

எலிஷா சந்தின் கடைசிவரை நடந்தான். அங்கே கண்ணாடிக் கடை. நிலைக்கண்ணாடிகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். எதிரே தாடி வைத்த ஒல்லியான ஆள் ஒருவன் வந்தான். ரொம்ப நாள் தூங்காதவன் முகம். அவனுக்கு வழிவிட எலிஷா ஒதுங்கினான். அவனும் அதே பக்கம் ஒதுங்கினான்.

எலிஷா நின்றான். அவனும் நின்றான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு எலிஷா தன் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தாழ்த்தினான். கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு சிறிய உடைசல். தினமும் வேலையிலிருந்து வந்து சாவிக்கொத்தை வீசி வீசி அவனே உண்டாக்கியது. உடைசலுக்கு மேலே ஒரு துளி சிவப்பு வண்ணம். அதைச் சுரண்ட வேண்டாம் என்று நெகாமா சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் ரஹமிம் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி எழுந்து வந்தார். பாரசீகத்திலிருந்து வந்தவர். கேட்பதற்கு முன்பே விலை சொல்பவர்.

"நல்ல கண்ணாடி. மூலையில கொஞ்சம் உடைஞ்சிருக்கு, அதுக்காக இருநூறு ஷெக்கல் குறைச்சுக்கறேன்."

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"ஏன், போலீஸா?"

"இது என் வீட்டுக் கண்ணாடி."

ரஹமிம் விதையைத் துப்பினார். "அப்போ நீதான் அந்த வீட்டுக்காரனா? ஒரு ஒல்லிப் பொண்ணு, கையெல்லாம் பெயிண்ட்டு. கோடையில ஒருநாள் வந்து இங்க நின்ன வளைவுச் சட்டம் போட்ட கண்ணாடியைச் சாண் போட்டு அளந்துட்டுப் போனா. காசு கொண்டு வருவான்னு பாத்தேன். போன மாசம் இந்தக் கண்ணாடியைக் கொண்டு வந்து மாத்திக்கறேன்னா. அதுலயும் கண்ணாடியைக் கழட்டிட்டுச் சட்டத்தை மட்டும் குடுன்னா. ஏம்மா, கண்ணாடி இல்லாத சட்டத்துல யாரு மூஞ்சியப் பாக்கப் போறேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'என் வீட்டுக்காரன் வேலையிலேர்ந்து வந்ததும் சாவியை வீசிட்டு உள்ள போயிடுவான், கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். அவனுக்கு இது போதும்'னா. நல்லாப் பேசற பொண்ணு. சௌக்கியமா?"

கடூரி கடைக்காரரின் தோளைத் தொட்டு ஏதோ மெல்லச் சொன்னார். ரஹமிம் கையிலிருந்த விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இறைவன் நீதியான நடுவர்" என்று சாவைக் கேட்டதும் சொல்லும் வாசகத்தை முணுமுணுத்தார்.

கடூரி அந்தக் கண்ணாடியையும் எலிஷாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கேலி மெதுவாக இறங்கியது.

"முதலாளி. உங்க வீட்டு நடைக் கண்ணாடி இங்க நின்னு வெயில் காயுது."

"ஆமா."

"அப்போ உங்க வீட்டு நடையில போர்வை போத்திக்கிட்டு நிக்கறது யாரு?"

*

படிக்கட்டில் கடூரி மூச்சு வாங்கியபடி பின்தங்கினார். எலிஷா ஏறிக்கொண்டே சுவரைப் பார்த்தான். இடுப்பளவுக்கு எண்ணெய் வண்ணம் அடித்திருந்தார்கள். மங்கின பச்சை. பட்டறைச் சுவரில் அவனுக்குப் பிடிபடாத பச்சை.

சாவிச் சத்தம் கேட்டு எதிர்க் கதவு திறந்தது. மாதில்டா அத்தை கையில் வெங்காயத்தோடு நின்றாள். எலிஷா நேராக நடைக்குப் போய்ப் போர்வையின் எதிரில் நின்றான். முடிச்சில் விரலை வைத்தான். விரல் அங்கேயே நின்றது. ஒரு மாதமாக இதைக் கடந்துதான் சமையலறைக்குப் போயிருக்கிறான். இதன் பக்கத்தில்தான் சட்டை மாட்டியிருக்கிறான். கூடத்து வாசலில் முக்காலி போட்டு ஏழு நாள் உட்கார்ந்த நெகாமாவின் அப்பா இதற்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நான் அவுக்கட்டுமா?" என்றார் கடூரி.

"வேணாம்."

"தொடாதே ராசா." அத்தையின் குரல் வாசற்படிக்கு வெளியிலிருந்து வந்தது. "ஒரு வருஷம்னு சொன்னேன்ல."

"அப்படி ஒரு வழக்கம் எந்த ஊர்லயும் கிடையாது அத்தை."

"கிடையாது." அவள் வெங்காயத்தை மேலாடைப் பையில் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். "அதுல உன்னைப் பாத்தேன். நீ எய்லாத்துல இருக்கும்போது. உனக்கும் ஏதோ ஆகப் போகுதுன்னு நெனச்சேன். அதான் நானே கட்டினேன். யாரையும் தொட விடலை."

எலிஷா முடிச்சை இழுத்தான். போர்வை விழுந்தது.

பொன்பூச்சுச் சட்டத்துக்குள் அதே நடை இருந்தது. திறந்த வாசற்கதவு, கதவுக்குப் பின்னால் படிக்கட்டின் பச்சை. கதவில் ஒருவன் நின்றான். ஆளுயரம். கையில் சாவிக்கொத்து, வீசுவதற்குச் சற்று முன்னால். முன்பக்கமாக நின்றான். முகம் இருந்தது. மழித்த முகம், களைத்த முகம். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற முகம். வீடு வந்துவிட்டதில் வாயோரம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இன்னும் சிரிக்கவில்லை.

எலிஷாவுக்கு அந்த முகத்தைத் தெரியாது. அவன் வீடு வரும்போது அப்படி இருப்பான் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

மாதில்டா அத்தை ஒரு மாதத்தில் முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டினாள். தோளில் கிடந்த சமையல் துணியில் கையைத் துடைத்துவிட்டு, ஒரு விரலால் படத்தின் ஓரத்தைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள்.

"பெயிண்ட்டு" என்றாள்.

கடூரி போர்வையைத் தரையிலிருந்து எடுத்து மடித்தார்.

"அவதான் முகமே வரைய மாட்டாளே" என்றாள் அத்தை. "ஊருக்கே தெரியுமே. சட்டத்துக்குள்ள முகம் தெரிஞ்சா அது கண்ணாடிதானே? நான் வேற என்னத்தை நெனப்பேன்?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?" எலிஷாவின் குரல் சாட்சியைக் கேட்கும் குரலாக இருந்தது. வேறு குரல் அவனிடம் இல்லை.

"கடைக்குப் போயிட்டுப் படியேறி வந்தேன். கதவு திறந்திருந்துச்சு. அவ இங்க நின்னா, கையில சுத்தியல். இதை அப்பதான் மாட்டி முடிச்சிருக்கா. என்னைப் பாத்துச் சிரிச்சு ஒண்ணு சொன்னா. நான் அவ காட்டின பக்கம் பாத்தேன். கண்ணாடியில நீ நிக்கறே. சரி, எய்லாத்துலேர்ந்து வந்துட்டே, எனக்குப் பின்னாடி நிக்கறே போலன்னு திரும்பினேன். படியில யாரும் இல்லை. கீழ எட்டிப் பாத்தேன், உன் பேரைக்கூடக் கூப்பிட்டேன். மறுபடி திரும்பினா..." அவள் கையால் தரையைக் காட்டினாள். "சத்தமே வரல ராசா. அவ விழுந்த நேரத்துல நான் உன்னைத் தேடிக்கிட்டிருந்தேன்."

"யாரு இருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"சொல்லுவாங்க. அவங்களுக்கென்ன."

கடூரி இரண்டடி பின்னால் போய்ப் படத்தைப் பார்த்தார். தலையை ஒருபக்கம் சாய்த்தார். அவருக்கு ஏதாவது சொல்லியாகவேண்டியிருந்தது.

"இடது பக்கம் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு முதலாளி." சட்டத்தின் ஓரத்தைப் பிடித்தார். "தூக்கிடட்டுமா?"

"இருக்கட்டும் விடுங்க" என்றான் எலிஷா. ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. கடூரி கையை எடுத்துவிட்டார்.

எலிஷா அத்தையின் பக்கம் திரும்பினான்.

"என் பேரைக் கூப்பிட்டது நீங்க. அவ இல்ல."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணுமேன்னு சொல்லிட்டேன். அவ சொன்னது ஒண்ணுமில்லாத பேச்சு ராசா. அதைப் போய் உங்கிட்ட எப்படிச் சொல்றது."

"சொல்லுங்க."

"எதுக்கு இப்போ."

"அத்தை."

மாதில்டா அத்தை நெகாமா நின்ற இடத்தில் போய் நின்றாள். இல்லாத சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தில் இருந்தவனைப் பார்த்துச் சொன்னாள்.

"'கொஞ்சம் பின்னால போய் நின்னு பாத்துச் சொல்லுங்க அத்தை, நேரா இருக்கா?'"